இன்ஷூரன்ஸ் இல்லாத கார் இடித்த சுவர்: காசு யார் தலையில்?

1991 டிசம்பர் 10. மதியம் 2.20க்கு ஒரு வாகன விபத்து. அந்த வண்டிக்குக் காப்பீடு எடுத்த நேரம் அதே நாள் மதியம் 2.55. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. பாலிசியில் அன்றைய தேதி இருக்கிறது, தேதி இருந்தால் முந்தைய நள்ளிரவு முதலே அது செல்லும் என்பது ஒரு தரப்பு வாதம். 1997இல் வந்த தீர்ப்பு அதை ஏற்கவில்லை. நேரம் குறித்துக் கொடுத்த பாலிசி அந்த நேரத்திலிருந்துதான் செல்லும், நிறுவனம் ஒரு பைசாவும் தர வேண்டியதில்லை, எல்லாம் வண்டி உரிமையாளர் பாடு என்று முடிந்தது. வித்தியாசம் 35 நிமிடம்.

முப்பத்தைந்து நிமிடத்துக்கே இந்தக் கதி. மூன்று வருடமாகப் புதுப்பிக்காத கார் வந்து உங்கள் காம்பவுண்டுச் சுவரில் மோதினால்?

‘அதான் சட்டத்தில் கட்டாயம் என்று இருக்கிறதே’ என்று நினைப்போம். இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 146: மூன்றாம் நபர் காப்பீடு இல்லாமல் எந்த வண்டியையும் பொது இடத்தில் ஓட்டக்கூடாது, ஓட்ட விடவும் கூடாது. மீறினால் பிரிவு 196 வருகிறது. முதல் தடவை 2,000 ரூபாய் அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை, இரண்டாம் தடவை 4,000. அந்த 2,000 அரசுக் கஜானாவுக்குப் போகும். சுவர் இடிந்தவருக்கு அதில் ஒரு செங்கல்கூடக் கிடையாது.

கட்டாயம் என்ற சொல்லுக்கு நம் சாலையில் என்ன மரியாதை என்பது 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றத்திலேயே தெரிந்தது. புகைச் சான்றிதழ் இருந்தால்தான் காப்பீட்டைப் புதுப்பிக்கலாம் என்று 2017இல் ஓர் உத்தரவு இருந்தது. அதைத் தளர்த்தச் சொல்லிக் கேட்டவர்கள் காப்பீட்டுத் துறையினர். பாதிக்கு மேற்பட்ட வண்டிகள் இன்ஷூரன்ஸே இல்லாமல் ஓடுகின்றன, இந்த நிபந்தனை அதை இன்னும் கூட்டுகிறது என்பது அவர்கள் வைத்த காரணம். நீதிமன்றம் நிபந்தனையை விலக்கிக்கொண்டது. ஆக, சிக்னலில் உங்களுக்கு முன்னாலும் பின்னாலும் நிற்கும் இரண்டு வண்டிகளில் ஒன்றுக்குப் பாலிசி இருக்காது என்று வைத்துக்கொண்டு ஓட்டுவதே புத்திசாலித்தனம். டூவீலர்களில் நிலைமை இன்னும் மோசம்.

புது வண்டிகளுக்காவது இதற்கு மருந்து போட்டவர் நம் கோவைக்காரர். எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் சாலை விபத்துகள் பற்றித் தொடுத்த பொதுநல வழக்கில்தான், 2018 செப்டம்பர் 1 முதல் புதுக் காருக்கு மூன்று வருடம், புது டூவீலருக்கு ஐந்து வருடம் மூன்றாம் நபர் காப்பீட்டை வாங்கும்போதே எடுத்தாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. நல்ல ஏற்பாடு. ஆனால் நாலாவது வருடம் ஷோரூம்காரர் போன் செய்து ஞாபகப்படுத்தமாட்டார். வண்டி கைமாறத் தொடங்குவதும் ஏறக்குறைய அந்த வயதில்தான்.

உடம்புக்கு ஒரு சட்டம், சுவருக்கு?

யார் பொறுப்பு என்ற கேள்விக்குச் சட்டத்தில் தடுமாற்றமே இல்லை. கவனக்குறைவாக ஓட்டியவர் பொறுப்பு. ஆர்.சி. புக்கில் பெயர் உள்ளவரும் பொறுப்பு. இருவரிடமும் கேட்கலாம், ஒருவரிடம் மட்டுமே முழுத் தொகையையும் கேட்கலாம். இத்தனை ரூபாய்க்கு மேல் கிடையாது என்ற உச்சவரம்பும் இல்லை. ‘நான் ஓட்டலை, மச்சான்தான் எடுத்துட்டுப் போனான்’ என்று சொல்லி ஓனர் நழுவ முடியாது. சாவியைக் கொடுத்தவர் அவர்.

சொத்து என்றால் என்ன என்பதற்கும் சட்டம் தாராளமாக விளக்கம் தருகிறது. சாலை, பாலம், மதகு, மரம், கம்பம், மைல்கல் எல்லாம் சொத்தில் அடக்கம். மைல்கல்லைக்கூட மறக்காமல் எழுதியிருக்கிறார்கள். ஆனால் நிவாரணம் என்று வரும்போது அந்தத் தாராளம் காணாமல் போய்விடுகிறது.

மோதிவிட்டு ஓடிப்போன வண்டியால் உயிர் போனால் 2 லட்சம், படுகாயம் என்றால் 50,000 ரூபாய் தர அரசுத் திட்டம் உண்டு. தப்பு யார் மேல் என்று பார்க்காமலே உயிரிழப்புக்கு 5 லட்சம், படுகாயத்துக்கு இரண்டரை லட்சம் கேட்கப் பிரிவு 164 இருக்கிறது. 2025 மே முதல், விபத்தில் அடிபட்டவருக்கு ஏழு நாள் வரை ஒன்றரை லட்சம் ரூபாய்க்குக் கட்டணமில்லாச் சிகிச்சையும் வந்துவிட்டது. உடம்புக்கு முதலிடம் என்பதில் யாருக்கும் ஆட்சேபம் இருக்க முடியாது. ஆனால் இந்த வரிசையில் எங்கேயும் சொத்து இல்லை. நிறுத்தி வைத்திருந்த ஆட்டோ நசுங்கிப் பிழைப்பு போனவருக்கு ‘உனக்கு அடிபடவில்லையே’ என்பதுதான் பதில். அவர் தவறை நிரூபித்து, ஆளைப் பிடித்து, வசூலித்துக்கொள்ள வேண்டும்.

பிரிட்டனில் 1946இலேயே, காப்பீடு இல்லாதவர் விளைவித்த நஷ்டத்தைக் காப்பீட்டு நிறுவனங்கள் சேர்ந்து தாங்க ஒரு பொது அமைப்பு வைத்துவிட்டார்கள். அங்கே சொத்துச் சேதத்துக்கும் அது பணம் தருகிறது, வரம்புக்கு உட்பட்டு. ஒழுங்காகப் பிரீமியம் கட்டுகிறவர்களின் காசுதான் அது. நம்மிடமும் இது சாத்தியம். ஆனால் பாதிப் பேர் கட்டாத ஊரில் மீதிப் பாதி தலையில் அந்தச் சுமையை வைக்க எந்த அமைச்சரும் முன்வரமாட்டார் என்பது என் ஊகம்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். ஓட்டியவருக்கு லைசென்ஸ் இல்லை, ஆனால் வண்டிக்குப் பாலிசி இருக்கிறது என்றால், ‘முதலில் நீ பாதிக்கப்பட்டவருக்குக் கொடு, பிறகு ஓனரிடம் வசூலித்துக்கொள்’ என்று நிறுவனத்துக்கு நீதிமன்றம் சொல்லலாம். பாலிசியே இல்லை என்றால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. கொடுக்கச் சொல்ல அங்கே ஒரு நிறுவனம் இருந்தால்தானே!

முதல் மூன்று நாள்

நெடுஞ்சாலை ஓரத்து டீக்கடை ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதிகாலை நாலரை மணி. தூக்கக் கலக்கத்தில் வந்த கார், கடைமுகப்பில் ஏறி நிற்கிறது. ஷட்டர் மடங்கிவிட்டது. பாய்லர் நசுங்கி, கண்ணாடி அலமாரி தூள் தூளாகி, பன் பாக்கெட்டெல்லாம் கண்ணாடிச் சில்லோடு தரையில் கிடக்கிறது. குளிர்பானப் பெட்டி சாய்ந்து கேஸ் போய்விட்டது. பக்கச் சுவரில் மேலிருந்து கீழ்வரை விரிசல். கடைக்காரர் பால் வாங்கப் போயிருந்ததால் பிழைத்தார்.

விடிவதற்குள் ஓனரின் ஆட்கள் வந்துவிடுவார்கள். “அண்ணே, காலங்காத்தால எதுக்குண்ணே ஸ்டேஷன் கீஷன்னு... பதினஞ்சாயிரம் இருக்கு, வாங்கிக்குங்க. மீதியை வெள்ளிக்கிழமை நானே கொண்டாந்து தர்றேன்.” கூடவே வெள்ளைத் தாளில் நாலு வரி: ‘இது சம்பந்தமாக இனி எந்த உரிமையும் கோரமாட்டேன்.’ கடைக்காரர் தவிர்க்க வேண்டியது அந்தத் தாளைத்தான். பணத்தை வாங்கினாலும் ‘முன்பணமாக’ என்று எழுதி வாங்கலாம். முழுக்கணக்கு தெரியாமல் முடிவுக் கையெழுத்து போட்டால், பின்னால் வக்கீலால்கூட அதை நிமிர்த்துவது கஷ்டம். அந்த வெள்ளிக்கிழமை வந்து சேராது என்பது ஊருக்கே தெரியும்.

அந்த நேரத்திலேயே போனை எடுத்து எம்பரிவாகன் செயலியில் கார் நம்பரைப் போட்டால், இன்ஷூரன்ஸ் எந்தத் தேதி வரை என்று காட்டிவிடும். ‘பாலிசி வீட்ல இருக்கு’ என்று ஓனர் சொல்வதெல்லாம் இரண்டு நிமிடத்தில் வெளுத்துவிடும். பிறகு படம். கார் அசையாமல் நிற்கும்போதே நம்பர் பிளேட்டும் கடையும் ஒரே சட்டத்துக்குள் வருகிற மாதிரி எடுக்க வேண்டும். டோ வண்டி வந்து இழுத்துப் போன பிறகு எடுக்கிற படத்தில் ‘இடிந்த கடை’ மட்டும்தான் இருக்கும், இடித்தவன் இருக்கமாட்டான்.

அடுத்தது காவல் நிலையம். “உசுருக்கு ஒண்ணும் சேதமில்லைல்ல? அப்புறம் என்னப்பா, பேசி முடிச்சுக்குங்க.” பெரும்பாலும் இதுதான் கிடைக்கும். மனுவை வாங்கி சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்து அனுப்புவார்கள். அது போதாது. கண்மூடித்தனமாக ஓட்டியது பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 281இன்படி தனிக்குற்றம். யாருக்கும் காயம் பட்டிருக்க வேண்டும் என்று அதில் இல்லை, பிறருக்கு ஆபத்து விளைவிக்கிற மாதிரி ஓட்டியிருந்தாலே போதும். எஃப்.ஐ.ஆர். கேட்கலாம், கேட்க வேண்டும். ஏனென்றால் அதற்குப் பின்னால்தான் பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து வண்டியைப் பார்ப்பார், வண்டி ஸ்டேஷன் வாசலில் நிற்கும். பாலிசி இல்லாத வழக்கில் அந்த வண்டி ஒன்றுதான் கடைக்காரரின் பாலிசி.

இது நான் சொல்வதல்ல. டெல்லியின் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாய விதிகள் இதைத்தான் எழுதி வைத்தன. காப்பீடு இல்லாத வண்டி விபத்துக்குள்ளாகி, உயிர்ச்சேதமோ காயமோ சொத்துச் சேதமோ எது நடந்திருந்தாலும், ஓனர் போதிய பிணை தராமல் நீதிமன்றம் வண்டியை விடக்கூடாது. மூன்று மாதம் கழிந்தும் வழி இல்லையென்றால் மாஜிஸ்திரேட் அதைப் பொது ஏலத்தில் விற்று, பணத்தைப் பதினைந்து நாளில் தீர்ப்பாயத்தில் கட்ட வேண்டும். எல்லா மாநிலங்களும் 12 வாரத்துக்குள் தங்கள் விதிகளிலும் இதைச் சேர்க்க வேண்டும் என்று 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. கவனியுங்கள், அந்த விதியில் சொத்துச் சேதம் என்ற சொல் தெளிவாகவே இருக்கிறது. ஆனால் வண்டியை விடுவிக்கச் சொல்லி ஓனர் போடும் மனுவை எதிர்க்க, கடைக்காரரோ அவர் வக்கீலோ அன்றைக்கு நீதிமன்றத்தில் இருக்க வேண்டும். அவர் பாய்லர் வாங்க அலைந்துகொண்டிருப்பார். மனு ஏற்கப்பட்டு வண்டி போய்விடும். வண்டி போனால் வழக்கில் பாதி போனது.

வண்டி நின்றாலும் சிக்கல் உண்டு. கடனில் வாங்கிய கார் என்றால் ஃபைனான்ஸ்காரர் ‘என் பாக்கி முதலில்’ என்று வந்து நிற்பார். பதினைந்து வருடப் பழைய காரை ஏலம் விட்டால் காயலான் கடை விலைக்கு மேல் எதிர்பார்க்க முடியாது.

தீர்ப்பாயத்துக்கு வருவோம். ‘எம்.சி.ஓ.பி. (விபத்து இழப்பீட்டு மனு) எல்லாம் கை கால் போனவங்களுக்குத்தானே’ என்று வக்கீல்களிலேயே சிலர் சொல்வதுண்டு. இல்லை. சொத்து இழந்தவரும் அங்கேயே மனுப் போடலாம் என்று பிரிவு 165, 166 இரண்டும் சொல்கின்றன. விபத்து நடந்த ஊரிலோ, தான் குடியிருக்கும் ஊரிலோ, எதிராளியின் ஊரிலோ போடலாம். நெடுஞ்சாலையில் வெளிமாநிலக் கார் இடித்தாலும் கடைக்காரர் அந்த மாநிலத்துக்கு ஓட வேண்டாம். ஆனால் ஆறு மாதத்துக்குள் போட வேண்டும் என்று 2022 ஏப்ரல் முதல் கெடு வந்திருக்கிறது. அதை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கின்றன என்றாலும், அதை நம்பி நாள் தள்ளுவது ஆபத்து.

மனுவில் என்ன கேட்பது? உடைந்த பொருளின் விலை மட்டுமல்ல. சுவருக்குக் கட்டடப் பொறியாளரிடம் எஸ்டிமேட், ஷட்டருக்கும் பாய்லருக்கும் பில், கடை மூடிக் கிடந்த நாள்களின் வருமானம். வருமானத்துக்கு என்ன ஆதாரம் என்று குறுக்கு விசாரணையில் கேட்பார்கள். பால்காரர் கணக்கு நோட்டும் ஜிபே வரவும்கூட அங்கே சாட்சிதான். எதிராளியின் வக்கீல் கட்டாயம் எடுக்கும் ஆயுதம் ஒன்று உண்டு: ‘கடைப் பந்தல் ரோட்டுப் புறம்போக்கில் இருந்தது.’ ஆக்கிரமிப்பு உண்மையென்றால் தொகையில் ஒரு பங்கு குறையலாம். பட்டா இடத்தில் நின்ற சுவர் என்றால் கவலை வேண்டாம். சுவர் தானாக நடந்துபோய்க் காரில் மோதியது என்று இதுவரை யாரும் வாதிட்டதாகத் தெரியவில்லை.

ஆர்.சி. புக்கில் பெயர் யாருக்கு?

இனி இடித்தவர் பக்கம். அங்கேயும் ஓர் அப்பாவி மாட்டிக்கொள்வார், அடிக்கடி மாட்டிக்கொள்கிறார். வண்டியை விற்றுவிட்டு ஃபார்ம் 29, 30இல் வெற்றுக் கையெழுத்து போட்டுக் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவர். வாங்கியவர் பெயர் மாற்றவில்லை, இன்ஷூரன்ஸ் கட்டவில்லை, இன்னொருவருக்கு விற்றார், அவர் மற்றொருவருக்கு. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இப்படிப் பல கை மாறிய ஒரு கார் வழக்கை விசாரித்து, விபத்து நடந்த அன்றைக்கு ஆர்.சி.யில் யார் பெயர் இருந்ததோ அவரே சட்டப்படி உரிமையாளர், அவரே பொறுப்பு என்று முடித்தது. விற்றவர் பிறகு வாங்கியவர்மேல் வழக்குப் போட்டுக்கொள்ளலாம். அது அவர் கவலை, பாதிக்கப்பட்டவரை அந்தச் சங்கிலியில் கண்ணி கண்ணியாக அலைய விடக்கூடாது என்பது நீதிமன்றத்தின் நியாயம். கறாரான தீர்ப்பு, ஆனால் சரியான தீர்ப்பு.

விற்றவர் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது பிரிவு 50. புரோக்கர் ‘நான் பாத்துக்கறேன் சார்’ என்பார். அவர் பார்த்துக்கொண்டாரா என்று எம்பரிவாகனில் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

தீர்ப்பு வந்தபிறகும் பணம் வருவது தனிக்கதை. ஓனர் கட்டவில்லை என்றால், பிரிவு 174இன்படி தீர்ப்பாயம் கலெக்டருக்குச் சான்று அனுப்பலாம், நிலவரி பாக்கியை வசூலிப்பது போல வசூலிக்கச் சொல்லி. நிறைவேற்று மனுப் போட்டு ஜப்தியும் கேட்கலாம். அரசுப் பேருந்தைக் கோர்ட் அமீனா ஜப்தி செய்த செய்தி மாதத்துக்கு ஒன்றாவது நம் பேப்பர்களில் வருகிறதே, அதன் பின்னணியும் இதுதான். பிரிவு 146இன் விலக்கின்படி அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் காப்பீடு எடுக்காமல் சொந்த நிதியிலிருந்து இழப்பீடு தரலாம். தராமல் இழுத்தடித்தால் பஸ்ஸைப் பிடிப்பார்கள். கழகத்துக்கு ஆயிரக்கணக்கில் பஸ் இருக்கிறது, பிடிக்க ஏதாவது கிடைக்கும். வாடகை வீட்டில் இருந்துகொண்டு, அந்த ஒரே காரையும் விற்றுவிட்டவரிடம் எதைப் பிடிப்பது?

அதனால்தான் அனுபவப்பட்ட வக்கீல்கள் சிலர் இந்த மாதிரிச் சேதத்துக்கு நேரே தீர்ப்பாயம் போகாமல், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வழக்குக்கு முந்தைய சமரச மனுப் போடச் சொல்கிறார்கள். கட்டணம் இல்லை. லோக் அதாலத்தில் எழுதி முடித்த சமரசத்துக்கு நீதிமன்றத் தீர்ப்பின் வலு உண்டு, வெள்ளைத் தாளுக்கு அது கிடையாது. தவணையில் கட்டுவதாக எழுதியும் வாங்கலாம். கேட்டது மூன்று லட்சம், கிடைத்தது ஒன்றரை என்று முடியலாம். கைக்கு வந்த ஒன்றரை, காகிதத்தில் இருக்கும் மூன்றைவிட மேல் என்று முடிவெடுப்பவர்களைக் குறை சொல்ல முடியாது.

சேதமானது கார் என்றால் வழி கொஞ்சம் எளிது. உங்களிடம் ஃபுல் கவர் பாலிசி இருந்தால் சொந்த நிறுவனத்திலேயே க்ளைம் பண்ணிவிடலாம், இடித்தவனைத் துரத்தும் உரிமை அதன்பின் நிறுவனத்துக்குப் போகும். உங்களுக்கு நஷ்டம் நோ க்ளைம் போனஸ், ஐந்து வருடம் சேர்த்திருந்தால் 50 சதவீதம் வரை. அதோடு கையிலிருந்து கட்டும் கழிவுத் தொகை. இந்த இரண்டையும் இடித்தவரிடம் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு, கேட்பவர்தான் இல்லை.

வீட்டுக்கும் கடைக்கும்கூட இப்படி ஒரு வழி இருப்பது பலருக்குத் தெரியாது. 2021 ஏப்ரல் முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் விற்கும் ‘பாரத் கிருஹ ரக்‌ஷா’ வீட்டுப் பாலிசியில் தீ, வெள்ளத்தோடு, வெளியிலிருந்து வந்து மோதும் பொருளால் ஆகும் சேதமும் அடங்கும். வாகனம் அதில் பெயர் சொல்லியே குறிப்பிடப்பட்டிருக்கிறது. சிறு கடைகளுக்கு ‘பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்‌ஷா’ இருக்கிறது. இடித்த காருக்குப் பாலிசி இருக்கிறதா என்ற கேள்வியே அங்கே எழாது. வளைவில் வீடு, நெடுஞ்சாலை முகப்பில் கடை வைத்திருப்பவர்கள் ஒருமுறை விசாரித்து வைக்கலாம்.

கடைசியாக, பாலிசி வைத்திருக்கிறோம் என்ற தெம்பில் இருப்பவர்களுக்கு. 1988ஆம் ஆண்டுச் சட்டம் பிறருடைய சொத்துக்கு நிர்ணயித்த குறைந்தபட்சக் காப்பு வெறும் 6,000 ரூபாய். பிற்பாடு காப்பீட்டுக் கட்டணப் பட்டியலில் காருக்கு ஏழரை லட்சம், டூவீலருக்கு ஒரு லட்சம் என்று ஏற்றினார்கள். ஆனால் கூடவே ஒரு சின்னச் சலுகையையும் வைத்தார்கள். ‘எனக்கு 6,000 போதும்’ என்று எழுதிக் கொடுத்தால் கார்க்காரருக்குப் பிரீமியத்தில் 100 ரூபாய், டூவீலருக்கு 50 ரூபாய் தள்ளுபடி. பாலிசித் தாளில் ‘டி.பி.பி.டி.’ என்ற நாலெழுத்துக்கு எதிரில் என்ன தொகை போட்டிருக்கிறது என்று பாருங்கள். அங்கே 6,000 என்று இருந்தால், டீக்கடைக்காரரின் மூன்று லட்சத்தில் மீதி 2,94,000 ரூபாய் உங்கள் பையிலிருந்துதான் போகும்.